டீ இல்லாத கல்லூரிக்கு எதிரே

சாத்தூரில் டவுன் பஸ் ஏறி 'மலைக் கல்லூரி' என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்துவிடுவார். இறங்கிப் பார்த்தால் மலையும் இருக்காது, மேடும் இருக்காது. கரிசல் காடு கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டையாகக் கிடக்கும். கல்லூரியின் முழுப்பெயர் ஒலிவமலைக் கல்லூரி. பைபிளில் வருகிற மலை அது. ஊர் வாயில் மலை மட்டும் மிஞ்சியது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கல்லூரி வாசலைக்கூட அல்ல. எதிரே தகரக் கூரைக்கடியில் ஆவி பறக்கிற பாய்லரையும், அதன் பின்னால் நிற்கிற வேலுச்சாமியையும்தான்.

அந்த இடத்தில் கடை போடலாம் என்று அவருக்குத் தோன்றியது 1990இல். அப்போது அவர் லாரியில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். சிவகாசியிலிருந்து கல்லூரிக்கு நாற்பது பெஞ்சு கொண்டுவந்து இறக்கிவிட்டு, டிரைவரும் அவருமாக ஒரு டீக்கு அலைந்தார்கள். வளாகத்துக்குள் கேன்டீன் இருந்தது. சுண்டல் இருந்தது, எலுமிச்சை சர்பத் இருந்தது, கேழ்வரகுக் கஞ்சி இருந்தது. டீ இல்லை. காப்பியும் இல்லை. கல்லூரியை நடத்துகிற சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற சபை. உடம்பு கடவுள் குடியிருக்கும் வீடு, அதற்குள் சாராயமும் புகையிலையும் போகக் கூடாது, டீ காப்பியும் போகக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. "ஆயிரம் பேரு படிக்கிற எடத்துல ஒரு வாய் டீ கெடையாதா?" என்று டிரைவர் எரிச்சலோடு கேட்டார். வேலுச்சாமிக்கு எரிச்சல் வரவில்லை. ஆயிரம் என்ற எண் மட்டும் காதில் நின்றுவிட்டது. அடுத்த மாதமே கல்லூரி எல்லைக்கு வெளியே, சாலைக்கு இந்தப் பக்கம், நாலு கம்பு நட்டார்.

பதினேழு வருஷத்தில் அந்தக் கடை கல்லூரியின் இன்னொரு அலுவலகமாகிவிட்டது. மே மாதம் வந்தால் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் மஞ்சள் பையில் மார்க்‌ஷீட்டோடு வருகிற பெற்றோர், உள்ளே போகத் தயங்கி முதலில் இவரிடம்தான் கேட்பார்கள். வேலுச்சாமி எட்டாவது வரை படித்தவர். ஆனால் எந்தப் படிப்பு எத்தனை வருஷம், எதற்கு எந்தப் பாடத்தில் மார்க் வேண்டும், எதைப் படித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "பிள்ளைக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா? வராதா? அப்ப நர்சிங்கு. வருமா? பி.காம்ல போடுங்க. மயக்கமும் வரும், கோவமும் வரும்னா பி.எட். வாத்தியாராகட்டும்."

துறைகளை அவர் அடையாளம் வைத்திருந்ததே வேறு மாதிரி. வேதியியல் பையன்கள் கூட்டமாக வந்து ஒரே நேரத்தில் பன்னிரண்டு டீ சொல்வார்கள். சமூகப்பணி முதுகலைக்காரர்கள் ஒரு டீயை இரண்டாக ஊற்றச் சொல்லி இரண்டு மணி நேரம் நாட்டு நடப்புப் பேசுவார்கள். நர்சிங் பெண்களுக்கு நிற்க நேரமில்லை. தூக்குவாளி வரும், பார்சல் போகும். கணினிப் பிரிவு இரண்டு மணி வெயிலிலும் டீ கேட்கும். இறையியல் மாணவர்கள் வருவதே இல்லை. வருகிற ஒன்றிரண்டு பேர் பாய்லருக்குப் பின்னால் கல்லூரிக்கு முதுகைக் காட்டி நின்று குடிப்பார்கள். அவர்களிடம் வேலுச்சாமி பெயர் கேட்பதில்லை.

கல்லூரியின் வரலாறும் அவருக்கு வாய்ப்பாடு. ஓய்வுபெற்ற கிளார்க்குகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக் கொட்டியது அது. 1934இல் வெளிநாட்டு நர்ஸ் அம்மா ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கு மருந்து கட்ட இங்கே ஒரு கொட்டகை போட்டார். காயம் ஆறுகிற வரை சும்மா படுத்திருப்பானேன் என்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். காயம் ஆறினவர்களும் போக மாட்டோம் என்றார்கள். கொட்டகை பள்ளிக்கூடமாயிற்று, பள்ளிக்கு வாத்தியார்கள் வேண்டுமென்று ஆசிரியர் பயிற்சி வந்தது, 1968இல் கலைக் கல்லூரி, அப்புறம் நர்சிங், அப்புறம் கம்ப்யூட்டர். 1998இல் ஞாயிறு வகுப்பு. சனிக்கிழமை கதவை அடைத்துவிடுகிற கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலைநாள். பட்டாசுக் கம்பெனிகளுக்கோ அன்றைக்குத்தான் விடுமுறை. வாரம் முழுக்கத் திரி வெட்டுகிறவர்களும் பெட்டி ஒட்டுகிறவர்களும் ஒரு நாள் கூலியை இழக்காமல் வந்து படிக்கட்டும் என்று பி.காமும், தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமாவும் அந்த ஒரு நாளில் நடந்தன. இப்படி ஒரு வகுப்பு வேறு எந்தக் கல்லூரியிலும் அகப்படாது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்குவார்கள்.

வேலுச்சாமியும் சனிக்கிழமை கடை திறப்பதில்லை. ஆளே இல்லாத வாசலுக்கு எதிரே யாருக்கு டீ ஆற்றுவது? ஆனால் கருப்பசாமி படத்துக்குப் பூப்போட்டு வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்து சபையின் ஓய்வுநாள் தொடங்குகிற நேரத்தில் கடை அடைக்கிற மனிதரை ஊர் சும்மா விடுமா? "என்ன பாஸ்டரே, நாளைக்கு செபமா?" என்று தன் ஊரான அச்சங்குளத்தில் பஸ் இறங்குகிற போதெல்லாம் கேட்பார்கள். "ஆமலே, ஒன் பாவத்துக்கும் சேத்துத்தான்" என்று சொல்லிக்கொண்டே போவார்.

2007 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, பௌதிக லேப் அட்டெண்டர் சிவபாண்டி வழக்கத்துக்கு முந்தியே கடைக்கு வந்தான். வளாகத்துச் செய்திகள் வெளியே வருகிற குழாய் அவன். வந்தவன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"அண்ணாச்சி, புதன்கிழமை டெல்லியிலேருந்து ஆளுக வாராக. மூணு நாள் பாக்காக. பிடிச்சுப் போச்சுன்னா நம்ம காலேஜு யுனிவர்சிட்டி ஆயிரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம்."

"ஆகட்டுமே. நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா பிளான் ஒண்ணு பாத்தேன். நிர்வாக ஆபீஸர் ரூம்ல மேசை நெறைய விரிச்சுப் போட்டிருந்தாக. யுனிவர்சிட்டி ஆச்சுன்னா மெயின் வாசல் அங்கன, நாலு வழிச் சாலைப் பக்கம் போயிருது. பெரிய வளைவு, தோட்டம், எல்லாம். இந்த வாசல…" அவன் கிளாஸால் எதிர் வாசலைக் காட்டி நிறுத்தினான். "இங்கன சுவர் எழுப்புறாக."

வடை மாவை உருட்டிக்கொண்டிருந்த பாண்டிலட்சுமி கையை நிறுத்தினாள். கடையைக் கணவனோடு சேர்ந்து நடத்துகிறவள் அவள். டீ அவர் கை, வடை இவள் கை.

"நாமளும் அங்கிட்டுப் போயிர வேண்டியதுதான?" என்றாள்.

"நாலு வழிச் சாலை ஓரத்துல கடை போட விட மாட்டாக மதினி. நடுவுல கம்பித் தடுப்பு வேற. நடந்து தாண்ட முடியாது."

"அப்ப அவுகளுக்குப் பிடிக்கக் கூடாது" என்றாள் பாண்டிலட்சுமி. சிவபாண்டி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கல்லூரி இரண்டு நாளில் புது மாப்பிள்ளை மாதிரி ஆயிற்று. மரங்களுக்கு வெள்ளையும் காவியும் அடித்தார்கள். நூலகத்துப் புத்தகங்களைத் தூசி தட்டின சத்தம் ரோடு வரை கேட்டது. பிரின்சிபால் ஞானசிகாமணி விடியும் முன்பே வளாகத்தைச் சுற்றி வந்தார். குழுவுக்குத் தனி விடுதி, தனி சமையல், தலையணை உறை முதற்கொண்டு அவரே சரிபார்த்தார். எல்லாம் யோசித்தவர்களுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. மூன்று தலைமுறையாக டீயை மறந்தே வாழ்கிறவர்கள் அவர்கள். விருந்தாளிக்கு அது வேண்டியிருக்கும் என்பது அந்த வளாகத்தில் ஒருவர் மனசிலும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் வறுத்த பார்லியைப் பொடித்துப் பால் ஊற்றிக் கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு சர்பத். மாலையில் மறுபடியும் பார்லி.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல் காவலாளியின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு, நடைப்பயிற்சி ஷூ போட்ட மூன்று பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பாய்லர் தெரிந்ததும் நடை ஓட்டமானது.

"மூணு டீ. ஸ்ட்ராங்கா. சீக்கிரம்" என்றார் மூவரில் தமிழ் தெரிந்தவர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரத்தினசாமி அவர். மற்ற இருவரும் வடக்கத்திக்காரர்கள். முதல் டீயை யாரும் பேசாமல் குடித்தார்கள். வடக்கத்திக்காரர்களில் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது டீக்கு வடை எடுத்தார்கள். மூன்றாவது டீயில்தான் மனிதர்களாக ஆனார்கள்.

"நேத்துக் காலையிலேருந்து தலைவலி" என்றார் ரத்தினசாமி. "கேக்கவும் சங்கடம். அவங்க நம்பிக்கை அது."

"பாவம், வேணும்னு செய்ய மாட்டாக சார். அவுகளுக்கு அந்த நெனப்பே இருக்காது" என்றார் வேலுச்சாமி. பாண்டிலட்சுமி எண்ணெய்ச் சட்டிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மற்ற இருவரும் பஸ் நிறுத்தம் வரை காலாற நடந்தார்கள். ரத்தினசாமி பெஞ்சிலேயே இருந்தார். கேள்வி கேட்டே பழகின ஆள். கடை எத்தனை வருஷம், எந்தெந்தத் துறை ஆட்கள் வருவார்கள் என்று ஆரம்பித்து, சாதாரணமாகத்தான் அதையும் கேட்டார்.

"இந்த ஞாயிறு வகுப்பு, தொழிலாளிகளுக்குன்னு நடத்துறாங்களே. நெசமாவே நடக்குதா?"

வேலுச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"ரிஜிஸ்தரெல்லாம் காட்டினாங்க. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. அம்புட்டுச் சுத்தமா இருந்தா எங்களுக்குச் சந்தேகம் வரும். எங்க வேலை நாளைக்குச் சாயங்காலத்தோட முடியுது. ஞாயித்துக்கெழம இருக்க மாட்டோம். வேற எதுலயும் இந்தக் காலேஜு தனிச்சுத் தெரியல. இந்த மாதிரி நர்சிங்கும் கம்ப்யூட்டரும் ஊருக்கு ஊரு இருக்கு. இது ஒண்ணுதான் புதுசு. இதுவே ஏட்டுச் சுரைக்காயா இருந்தா, யுனிவர்சிட்டின்னு கொடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

பேராசிரியர் சொன்னதில் பாதி தனக்கே சொல்லிக்கொண்டது. வேலுச்சாமிக்குக் கை டீயை ஆற்றிக்கொண்டிருந்ததே தவிர, யாருக்கு ஆற்றுகிறோம் என்று தெரியவில்லை. 'எனக்கு என்ன சார் தெரியும், நான் டீக்கடைக்காரன்' என்றால் போதும். பொய் கூட இல்லை. வாசல் இருக்கிற இடத்தில் இருக்கும். கடை இருக்கும். பதினேழு வருஷத்துப் பழக்கம் அப்படியே ஓடும்.

பாண்டிலட்சுமி கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டினாள். அது அவருக்கான தட்டு என்பது அவருக்குத் தெரியும்.

"நடக்குது சார்" என்றார். "அச்சங்குளம் பஸ்ஸுல, கம்பெனி வேன்ல, சைக்கிள்லன்னு நூத்தம்பது பேருக்குக் கொறையாது. நான் சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல. ரெண்டு நாள் கூட இருந்து ஞாயித்துக்கெழம காலையில இங்கன வந்து ஒக்காருங்க. உள்ள சொல்லாதீக. சொன்னா எல்லாருக்கும் புதுச்சட்டை போட்டுவிட்டிருவாக."

ரத்தினசாமி சிரித்தார். காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் வாசலுக்குள் மறைகிற வரை பாண்டிலட்சுமி பொறுத்தாள். "பொய் சொல்லச் சொன்னனா நான்? வாய மூடிக்கிட்டு டீ ஆத்துங்கன்னுதான் தட்டுனேன்."

"கேட்டுட்டாக."

"எவன் என்ன கேட்டாலும் சொல்லிருவீகளா? பீரோச் சாவி எங்கன்னு கேட்டா?"

"அது எனக்கே தெரியாது. ஒன் இடுப்புலல்ல இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அவள் மேலேயே அவளுக்குக் கோபம். அன்றைக்கு முழுக்க வடை கொஞ்சம் கருகலாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை குழு கிளம்பியது. கார்கள் போவதை வேலுச்சாமி எண்ணினார். மூன்றும் போய்விட்டன. ரத்தினசாமி எந்தக் காரில் இருந்தார் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் மனசு லேசானது. லேசானதை நினைத்து அடுத்த நிமிஷமே கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு முதல் டவுன் பஸ் வந்து நின்றபோது, சாத்தூர் லாட்ஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரத்தினசாமி அதிலிருந்தே இறங்கினார். அவருக்கு முன்னும் பின்னுமாக இறங்கியது கூட்டம். தூக்குச் சட்டி, நோட்டுப் பை, தலையில் கனகாம்பரம். சரசரவென்று கடையை மொய்த்தார்கள். "அண்ணாச்சி நாலு டீ", "எனக்குச் சீனி கம்மி", "நேத்து லேட்டாத்தான் விட்டாக, கண்ணு எரியுது, கெட்டியாப் போடுங்க". நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வெள்ளி அது. அடுத்து ஒரு வேன். பின்னாலேயே இன்னொன்று.

பெஞ்சில் இடம் தேடினவள் இசைவாணி. அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் திரி வெட்டுகிறவள், வாய் ஓயாதவள். ரத்தினசாமியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தாள். எழுத்துத் தேர்வு அன்றைக்கு.

"என்னம்மா படிக்கிறே?" என்றார் அவர்.

"பி.காம் மூணாம் வருசம். நீங்க சேர வந்தீகளா? வயசு பாக்க மாட்டாக. எங்க கிளாஸ்ல அம்பத்திரண்டு வயசு போர்மேன் இருக்காரு. பாதுகாப்பு டிப்ளமாவுக்கும் சேத்துப் படிக்காரு. பயப்படாதீக."

"எனக்குக் கணக்கு வராதே."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சாக்கும்? வாரம் முழுக்க ஆயிரம் ஆயிரமா எண்ணி வெட்டுறோம். ஒரு ஞாயித்துக்கெழம இங்க வந்து எண்ணுனா கொறஞ்சா போயிரும்? அண்ணாச்சி, இவருக்கு ஒரு டீ குடுங்க. ரொம்ப யோசிக்காரு."

வேலுச்சாமி டீயை நீட்டினார். பேராசிரியர் அவரைப் பார்த்தார். மணி அடித்ததும் கூட்டம் வாசலுக்குள் போனது. பின்னாலேயே ரத்தினசாமியும் போனார். அன்றைக்கு முறை மாறி வந்திருந்த காவலாளி அவரைச் சேர வந்த ஆள் என்று நினைத்து, விண்ணப்பம் வாங்குகிற இடத்தைக் கைகாட்டினான்.

ஜூலையில் செய்தி வந்தது. கல்லூரி முழுக்க லட்டு. ஒலிவமலை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயர்ப்பலகையைச் சாத்தூரில் எழுதக் கொடுத்தார்கள். ஞானசிகாமணி இப்போது துணைவேந்தர். அவரே ஒரு டப்பா லட்டோடு சாலையைக் கடந்து வந்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தகரக் கூரைக்குள் நுழைந்தார்.

"வேலுச்சாமி, வாசல் மாறுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியுங்க."

"எங்களால உங்க தொழிலுக்கு எதுவும் செய்ய முடியலையேன்னு வருத்தம். டீக்கடைக்கு நாங்களே இடம் கொடுத்தா சபையில கேப்பாங்க."

"கேக்கத்தானங்க செய்வாக."

துணைவேந்தர் கிளம்பி இரண்டு அடியில் திரும்பினார். "ஆர்டர்ல ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. ஞாயிறு வகுப்பை மூணு வருஷத்துல நானூறு பேராக்கணும். இன்னும் ரெண்டு டிப்ளமா சேர்க்கணும். அச்சுத் தொழில் ஒண்ணு, கணக்கியல் ஒண்ணு. ரத்தினசாமின்னு ஒருத்தர் தனியா நாலு பக்கம் எழுதியிருக்கார். எங்கே பார்த்தார்னே எங்களுக்குப் புரியலை." அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைங்க இறங்குறது இங்கதானே. நாலு வழிச் சாலையில டவுன் பஸ் நிக்காது. அதனால இங்க ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் விடணும்னு இஞ்சினியர்கிட்ட சொல்லியிருக்கேன்."

பாண்டிலட்சுமி லட்டை வாங்கி உள்ளே வைத்தாள். "அம்புட்டுப் பேரா?" என்று மட்டும் கேட்டாள். துணைவேந்தர் ஆமாம் என்றார். அவள் மனசுக்குள் உளுந்து ஊறப்போட ஆரம்பித்துவிட்டாள் என்பது வேலுச்சாமிக்குத் தெரிந்தது.

வருமானம் முன்போல இராது என்பதும் தெரிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை வேறு இடம் பார்க்க வேண்டும். அச்சங்குளத்துக்குச் சாலை பிரிகிற விலக்கில் கம்பெனி வேன்கள் நிற்கிற இடத்தில் காலையில் மட்டும் ஒரு தள்ளுவண்டி போடலாம் என்று இருவரும் பேசி வைத்தார்கள். மதியத்துக்கு மேல் சும்மா இருக்கலாம். பதினேழு வருஷமாக அவர் மதியம் தூங்கினதில்லை. அந்த யோசனை அவருக்கு ஒரு மாதிரி பிடித்துப்போயிற்று, வெளியே சொல்லவில்லை.

செப்டம்பரில் பழைய வாசலின் இரும்புக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கொத்தனார் முத்துராமலிங்கம் நூல் கட்டி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒருபக்கச் சுவர், நடுவில் திறப்பு, மறுபக்கச் சுவர். திறப்பு மூன்றடி என்று தாளில் எழுதியிருந்தது.

டீ குடிக்கச் சாலையைத் தாண்டி வந்தவரிடம் வேலுச்சாமி கேட்டார்: "மூணடியா விடுறீக?"

"பிளான்ல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி. ஆளு போக மூணடி தாராளம்."

"ஒருத்தரு போகத் தாராளம். இவுக ஒருத்தரு ஒருத்தராப் போக மாட்டாக. பஸ்ஸு வந்து நின்னா பத்து நிமிசத்துல மணியடிச்சிரும். அறுபது பேரு, கையில தூக்குச் சட்டி, தோள்ல பை. முட்டிக்கிட்டு நிப்பாக. பரீச்சை நாளுன்னா?"

முத்துராமலிங்கம் கிளாஸைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்தார். "இஞ்சினியர்ட்ட கேக்கணுமே."

"கேளுங்க. அஞ்சடி கேளுங்க, நாலரை கிடைக்கும்."

இஞ்சினியர் மத்தியானம் வந்தார். கொத்தனார் சொன்னதைக் கேட்டு, கடையைத் திரும்பிப் பார்த்து, யார் சொன்னது என்று விசாரித்து, கடைசியில் பேனாவை எடுத்துத் தாளில் ஐந்து என்று திருத்தினார். முத்துராமலிங்கம் பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். வேலுச்சாமி கடையிலிருந்தபடியே அதைக் கண்ணால் அளந்தார். இரண்டு பேர் பையோடு பக்கத்துப் பக்கத்தில் போகலாம். பேசிக்கொண்டும் போகலாம்.

"சிமெண்டு கலக்குறதுக்குள்ள இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் பாண்டிலட்சுமி கொத்தனாரிடம்.